ஆளுக்கொரு ஸ்பீக்கர்

இயேசு மரி சூசை

ராயபுரம்
6 ஜூலை 2025

தம்பி சாவியோவுக்கு,

நான் நலம். என் முதுகுவலி என்னைவிட நலம். நீயும் ஐரீனும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை; கேட்கிறேன்.

அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து ஆறு வருடமாக நமக்குள் பேச்சு இல்லை. இதைச் சமாதானக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு தகவல் வேண்டும். அது உன் வீட்டில் இருக்கிறது.

கல்லூரியில் ஏலம் விட்டபோது நான் எடுத்துவந்த மைக் ஆம்ப்ளிஃபையர் போன வாரம் புகைவிட்டுச் செத்தது. இருபத்தைந்து வருடம் அங்கே பாடம் நடத்தினேன். துறைத் தலைவர் நாற்காலியை என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது அந்த ஆம்ப்ளிஃபையர். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். போகட்டும். இப்போது பாட்டுக் கேட்பதற்கென்றே செய்த ஒழுங்கான ஆம்ப்ளிஃபையர், ரிசீவர் என்பார்கள், ஒன்று வாங்கப்போகிறேன். கட்டுப்படியாகிற விலையில், அப்பாவின் ஜெர்மன் ஸ்பீக்கர்களுக்குப் பொருந்துகிற மாதிரி.

ஸ்பீக்கர்கள் என்று எழுதிவிட்டேன். என்னிடம் இருப்பது ஒன்று. அப்பா போனதும் சித்தப்பா வேதமாணிக்கம் பாகம் பிரித்த அழகை நீயும் மறந்திருக்க மாட்டாய். நாற்காலி ஆறு, மும்மூன்று. ஸ்பீக்கர் இரண்டு, ஆளுக்கொன்று. "ஜோடியைப் பிரிக்கக்கூடாது சித்தப்பா" என்றேன். "இன்னாடா, புருசன் பொண்டாட்டியா?" என்றார். அப்பாவின் ஆம்ப்ளிஃபையரை இரண்டாக அறுக்க வழியில்லாததால் அதை அவரே தூக்கிக்கொண்டு போனார். செருப்பைக்கூட வலதுகால் உனக்கு, இடதுகால் எனக்கு என்று பிரித்திருப்பார். அப்பாவுக்கு ஒரே ஜோடிதான் இருந்தது, அதைப் போட்டே புதைத்துவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிசீவர் வாங்குமுன் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று தெரிய வேண்டும். அதைப் பொறித்த தகடு உன்னிடம் இருக்கும் பெட்டியின் முதுகில் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. பார்த்து எழுது. மேலே இருக்கும் சின்ன வட்டம், மேல் ஸ்தாயியை எழுப்புகிற ட்வீட்டர், அது நல்லபடியாக இருக்கிறதா என்றும் பார். என்னுடையது வெண்ணெய் மாதிரி ஒலிக்கிறது; காதைக் குத்துகிற கூர்மை துளிகூடக் கிடையாது. ஜெர்மன்காரன் வேலை. உன்னுடையதை எனக்கு விலைக்குக் கொடுக்க முடியுமா என்பதையும் யோசி.

ஏன் தபால் என்று கேட்பாய். பேச்சு இருந்த நாளிலேயே ஃபோன் செய்தால் நீ "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். எதற்குச் சரி என்று யாருக்கும் தெரியாது. காகிதத்தில் அந்த வேலை நடக்காது. அதோடு, காசிமேட்டுக் கல்லறையில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நீ எனக்குக் காட்டிய முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. உன் குரலைக் கேட்க இப்போதைக்கு ஆசை இல்லை.

ஐரீனுக்கு என் ஆசீர்.

உன் அண்ணன்,
இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
28 ஜூலை 2025

அண்ணாத்தைக்கு சாவியோ தோஸ்திரம் சொல்லி எழுதறது.

இங்க அல்லாரும் சொகம். உன் முதுகுக்கு நல்லெண்ணெய காய்ச்சி தடவு, ஐரீன் சொல்ல சொன்னா. உன் லெட்டர் வந்தத்த பாத்து போஸ்ட்மேனே ஒரு மாரி ஆயிட்டாரு. "பேங்க் நோட்டீஸ் இல்லப்பா, கையெழுத்து லெட்டர்"ன்னு ரெண்டு கையால குடுத்தாரு.

தகட்ட பாத்தேன். 4ன்னு போட்டு பக்கத்துல லாடம் மாரி ஒரு குறி கீது. அதுக்கு கீழ 35 வாட்டு. எங்க வூட்ல அந்த பொட்டி மேல மிக்ஸி கீது. அளவு கரீட்டா கீது, அத்தொட்டு ஐரீன் அத்த வுட மாட்டேன்றா. விலைக்குலாம் குடுக்க மாட்டேன். நைனா பொருளு. வோணும்னா உன்னோடத்த எனக்கு குடு, நான் இன்னொரு மிக்ஸி வாங்கிக்கறேன்.

கல்லறையில முதுகு காட்னேன்னு எழுதிகீறியே, இன்னான்னே புரில. ஆறு வருசமா நீதான பேசல? நான் நீ பெரிய படிப்பு படிச்சவன், கோவம் தீந்தா வருவேன்னு குந்திகினு கீறேன்.

சாத்தாங்காட்டு இரும்பு யார்டுலதான் இன்னும் கீறேன். ஆனா பிளேட்டு வெட்ற எடத்துல இல்ல. ரெண்டு வருசமா கேட்டாண்ட. நாற்காலி, ஃபேனு, வண்டி வந்தா நம்பர் எழுதணும். ராஜா மாரி வேலை.

தம்பி
சாவியோ


இயேசு மரி சூசை

ராயபுரம்
5 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. எண்ணெய் தடவினேன், முதுகு வழுக்குகிறது, வலி அப்படியே இருக்கிறது. எழுத்தில் "கீது" போடுகிறவன் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீ ஒருவன்தான்.

நான்கு ஓம். நான் சந்தேகப்பட்டதுதான். இதன் அர்த்தம் என்னவென்றால், இந்தப் பெட்டிகள் மின்சாரத்தைத் தடுக்காமல் குடிக்கும். மலிவான ரிசீவரை மாட்டினால் அரைமணி நேரத்தில் அடுப்பு மாதிரி சுடும். ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறினேன். ஒருவன் ஐந்து ஸ்பீக்கர் பெட்டியோடு மேலே நீல விளக்கு எரிகிற சாமானைக் காட்டினான். "நான்கு ஓம் தாங்குமா?" என்றேன். "சார், இதுல ப்ளூடூத் இருக்கு" என்றான். பதிலே சொல்லாமல் பதில் சொல்கிற கலையைக் கல்லூரி நிர்வாகத்துக்கு அடுத்தபடி அந்தத் தெருவில்தான் பார்க்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். இரண்டே ஸ்பீக்கருக்கு மட்டுமான எளிய கருவி ஒன்று இருக்கிறது. நான்கு ஓம் தாங்கும். முன்பக்கம் ஒரே ஒரு குமிழ், சத்தத்துக்கு. டிரெபிள், பாஸ் என்று மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் இல்லை. இருக்கவும் கூடாது. நல்ல சமையல்காரன் இலையோரம் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைப்பதில்லை. குமிழைத் திருகிக் கேட்கிறவனுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

வாங்குமுன் உன் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இத்துடன் பார்சலில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் போர்டும் பென்டிரைவும் வருகின்றன. பென்டிரைவில் மூன்று ஒலி. முதலில் கீழ் ஸ்தாயி, பிறகு நடு, கடைசியில் மேல் ஸ்தாயி. ஒவ்வொன்றும் எப்படிக் கேட்கிறது என்று எழுது. என்னுடையதைச் சோதிக்க அவசியமில்லை.

காவலாளி வேலையை ராஜா வேலை என்கிறாய். பிளேட்டு வெட்டுவதில் உனக்கு இணை அந்த மார்க்கெட்டில் இல்லை என்று அப்பாவே சொல்லுவார். யாரோ உன்னைத் தூக்கிக் கேட்டில் போட்டிருக்கிறான். யார் என்று எழுது. நான் மன்னிக்காதவர்கள் பட்டியலில் இடம் இருக்கிறது.

இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
30 ஆகஸ்ட் 2025

அண்ணாத்தைக்கு,

நாங்க நல்லா கீறோம். நீ நல்லா கீறன்னு உன் லெட்டர்ல கீற கோவத்த பாத்தாலே தெரிது.

பேசறத எழுதறேன். படிக்கும்போது நான் பேசறது உனக்கு கேக்கணுமில்ல?

யாரும் என்ன தூக்கி போடல. நானாத்தான் வந்தேன். வுடு.

டெஸ்டு பண்ணேன். மொத சத்தம் சூப்பரு. மிக்ஸிய எறக்காம போட்டேனா, மூடி எகிறி குதிச்சி ஆடுச்சி. ஐரீன் கத்திகினே ஓடியாந்தா. ரெண்டாவது ஓகே. மூணாவது ஒண்ணுமே வரல. திரும்ப திரும்ப போட்டேன், காத உள்ளாரயே வெச்சேன். சின்ன ரவுண்டு செத்துபோச்சி அண்ணே. கன்ஃபார்ம்.

அதுக்காக விலை கொறச்சி கேக்காத. விக்க மாட்டேன்.

சாவியோ


இயேசு மரி சூசை

ராயபுரம்
8 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

நலம்தான். மழைக்கு முன் வரும் புழுக்கம் ஒன்றுதான் தொல்லை.

ஐம்பது வருடம் தாங்கிய ட்வீட்டரைச் சட்னி அரைத்தே கொன்றிருக்கிறாய். ஜெர்மனியில் அதைச் செய்தவன் தலையில் இடி விழுந்தாலும் இப்படி ஒரு முடிவை நினைத்திருக்க மாட்டான். நான் கத்தவில்லை. காகிதத்தில் கத்த முடியாது என்பதுதான் காரணம்.

அதே ரகத்தில் பழைய இருப்பு ஒன்று தேடிப் பிடித்தேன். கடையிலேயே மாட்டி, என் காதால் கேட்டு, பிறகுதான் கட்டச் சொன்னேன். பார்சலில் வருகிறது. பழையதைக் கழற்று, எந்தக் கம்பி எதில் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள், அதேபோல் ஈயம் வைத்து ஒட்டு. அந்த வேலை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையதைத் தூக்கி எறியாதே.

இதற்கிடையில் வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஜன்னத் என்ற அம்மாள் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வெள்ளி முகப்போடு ஒரு ஜப்பான் ரிசீவர் காட்டினார். நம் பெட்டிகளின் வயதுதான் அதற்கும். பின்னால் நான்கு ஓம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. புதுக் கருவியைவிட விலையும் குறைவு. ஆனால் முகம் முழுக்கக் குமிழ். பாஸுக்கு ஒன்று, டிரெபிளுக்கு ஒன்று, இடம் வலம் மாற்ற ஒன்று. மஞ்சள் விளக்கு வேறு.

"இது ரிசீவரா, தேரா?" என்றேன்.

"தேருன்னா ஊரே இழுக்கும் சார். நீங்க ஒத்த ஆளா வந்து நிக்கறீங்க. எத்தினி ஸ்பீக்கர் கீது?" என்றார்.

"ஒன்று. இன்னொன்று தம்பி வீட்டில்."

"ஆத்தாடி! மாப்ளை எங்கயோ கீறான், நீங்க மண்டபம் புக் பண்ண வந்துகீறீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கருவியை நான் வாங்கப்போவதில்லை.

இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
2 அக்டோபர் 2025

அண்ணாத்தைக்கு,

சொகம். ஐரீனுக்கு லேசா சளி.

நீ அனுப்ன ட்வீட்டர மாட்னேன். ஈயம்லாம் கண்ணாடி மாரி வெச்சேன், போட்டோ எடுத்து வெச்சிகீறேன், வோணும்னா கோர்ட்ல காட்றேன். அதுலயும் சத்தம் வரல. உன்ன நல்லா ஏமாத்திட்டான் அந்த கடைக்காரன். டூப்ளிகேட்டு. படிச்சவன பாத்தாலே அவனுங்களுக்கு குஷி அண்ணே.

இதோட வுட்ருவோமா? உனக்கு புதுசா ஒரு ஜோடியா வாங்கிக்க. எதுக்கு பேஜாரு.

சாவியோ


இயேசு மரி சூசை

ராயபுரம்
9 அக்டோபர் 2025

சாவியோ,

உடல்நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்த ட்வீட்டர் கடையில் பாடியது. நான் கேட்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றுகிறவர்களை எனக்கு முகம் பார்த்தே தெரியும், அந்த வித்தையைச் சொந்தக்காரர்களிடம்தான் படித்தேன். நீ தவறாக மாட்டியிருக்கிறாய். அல்லது மாட்டவே இல்லை. ஜோடி என்னிடம் சேரக்கூடாது என்பதற்காகச் செத்துவிட்டது, செத்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

முதுகு என்றால் என்ன என்று கேட்டாயே, சொல்கிறேன். அம்மாவின் குழியில் மண் போட்டு முடிந்தது. நீ முன்னால் நடந்தாய். நான் பின்னாலிருந்து, "சாவியோ, நில்லுடா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ" என்றேன். நீ நிற்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கல்லறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, உன்னைத் தவிர. சித்தப்பா என் தோளைத் தட்டி, "வுடுப்பா, அவன் மதிக்கல" என்றார். அந்த மனிதர் என்மேல் இரக்கப்பட்ட நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதற்காகவே உன்னை மன்னிக்க முடியவில்லை.

ஐரீனைக் கேட்கச் சொல். மூன்றாவது ஒலி வருகிறதா இல்லையா என்று அவள் கையால் எனக்கு எழுதட்டும்.

இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
27 அக்டோபர் 2025

மாமாவுக்கு ஐரீன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இருக்கிறோம். நாலு நாளாக மழை. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்க லெட்டர அவரு படிச்சாரு. படிச்சிட்டு அப்படியே என் கையில குடுத்துட்டு வெளிய போயிட்டாரு. நான் எழுதறது அவருக்கு தெரியாது.

அவரு டூட்டிக்கு போனப்ப போட்டு கேட்டேன் மாமா. மூணாவது சத்தம் நல்லா வருது. விசில் மாதிரி காத குத்துது. பக்கத்து வீட்டு நாய் ஊளை விட்டுச்சு. நீங்க அனுப்புனது நல்ல பொருள்தான். அவரு கழட்டுன பழசையும் அந்த போர்டு கம்பியில வெச்சு பாத்தேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு.

எங்க தெருவுல காலையில குருவி கத்தியே நான் எழுந்திருப்பேன். அவரு, முன்னமாதிரி குருவிங்க இல்லையே ஐரீன், எல்லாம் எங்க போச்சுன்னு கேக்குறாரு. நான் பின்னால நின்னு அவர கூப்பிடறத விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு மாமா. முன்னால போய் நின்னுதான் பேசுவேன். அத்தை அடக்கத்துக்கு முன்னாடியிலிருந்தே அப்படித்தான். நீங்க எழுதுனத பாத்தப்பதான், ஐயோ, இது மாமாவுக்கு யாரும் சொல்லலையேன்னு தோணுச்சு.

யார்டுல எல்லாருக்கும் காது டெஸ்ட் வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் கேட்டுக்கு மாத்துனாங்க. காதுக்கு மெஷின் வெச்சிக்கங்கன்னு டாக்டர் எழுதி குடுத்தாரு. என்ன கெயவன் ஆக்கறியான்னு சண்டை. போன மாசம் கேட்டுல ஒரு டிரெய்லர் பீப் பீப்னு ரிவர்ஸ் வந்திருக்கு. இவரு முதுக காட்டி நின்னுகிட்டு நம்பர் எழுதறாரு. டிரைவர் பாத்து பிரேக் போட்டதால இன்னைக்கு நான் உங்களுக்கு லெட்டர் எழுதறேன்.

நான் சொன்னா கேக்க மாட்டார். உங்களுக்குத்தான் பயப்படுவாரு. ஆனா நான் சொன்னேன்னு தெரிஞ்சா வீட்டுல சாப்பிட மாட்டாரு.

உங்கள் தம்பி மனைவி
ஐரீன்


இயேசு மரி சூசை

ராயபுரம்
18 நவம்பர் 2025

அன்புள்ள சாவியோவுக்கு,

நலமா? நான் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. மழையில் தபால்பெட்டி வரை போக முடியவில்லை என்று வைத்துக்கொள்.

ட்வீட்டர் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் உதிரிகள் காலப்போக்கில் காய்ந்துபோவது உண்டாம். கீழ் ஒலி அப்படியே இருக்கும், மேல் ஒலி மட்டும் மங்கிவிடும். அது ட்வீட்டரின் குற்றமும் அல்ல, ஈயம் வைத்தவன் குற்றமும் அல்ல. இரைச்சலான இடத்தில் வருடக்கணக்காக உழைத்த எதற்கும் அப்படி ஆகலாம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ரிசீவரில் டிரெபிள் குமிழ் இருந்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஆகவே ஜன்னத் கடையின் ஜப்பான் ரிசீவரை வாங்கிவிட்டேன். நான் முன்னால் எழுதியது தவறு என்று அர்த்தமில்லை. அப்போது கேள்வி வேறு, அவ்வளவுதான். அந்த அம்மாள், "கடைசில தேரையே இழுத்துகினு போறீங்களே சார்!" என்றார். "வடம் பிடிக்க ஆள் கிடைத்துவிட்டது" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இன்னொன்று. என் வீடு சின்னது, பாதிச் சுவரைப் புத்தக அலமாரி பிடித்துக்கொண்டது. இரண்டு பெட்டியை ஆறடி தள்ளி வைக்க இடமில்லை. உங்கள் முன்னறை நீளம். அதனால் சனிக்கிழமை ஒரு குட்டியானை வண்டியில் ரிசீவரும் என் ஸ்பீக்கரும் அங்கே வருகின்றன. ஜோடி அங்கேயே இருக்கட்டும். மிக்ஸியை மட்டும் இறக்கு. சித்தப்பா கேட்டால் அவருடைய தீர்ப்பை நாங்கள் மேல்முறையீடு செய்துகொண்டோம் என்று சொல். அவரை நான் மன்னிக்கவில்லை.

இணைத்த பிறகு டிரெபிள் குமிழை நடுவிலிருந்து வலப்பக்கம் மெதுவாகத் திருப்பு. மூன்றாவது ஒலி எந்த இடத்தில் உனக்குக் கேட்க ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்து. முள் எங்கே நிற்கிறது என்று எழுது.

கல்லறை விஷயத்தை இனி எழுத மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன் இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
5 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

நீயும் நல்லா இருக்கணும், உன் முதுகும் நல்லா இருக்கணும்.

வண்டி வந்துச்சி. பொட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாத்தேன். பதினோரு வருசம் ஆச்சி அதுங்க ரெண்டும் ஒண்ணா நின்னு. உன்னோடத்துல வார்னிஷ் போவல. என்னோடத்துல சட்னி கறை.

நீ சொன்ன மாரி டிரெபிள திருப்பிகினே வந்தேன். வந்துகினே வந்தேன். முள்ளு கடைசில போய் முட்டிகினு நின்னுது. அப்ப லேசா கேட்டுது அண்ணே. எங்கயோ தூரத்துல கொசு மாரி. நான் சிரிச்சிகினே திரும்பி பாக்கறேன், ஐரீன் ரெண்டு காதையும் பொத்திகினு சமையல்ரூம்ல குந்திகினு கீறா.

நீ குமிழே வோணான்னவன். உப்பு டப்பா, சமையல்காரன்னு இன்னா பேச்சு பேசன. அந்த லெட்டர எடுத்து இன்னொரு தபா படிச்சேன். அப்பறம் இந்த லெட்டர படிச்சேன். "உதிரி காஞ்சிபோச்சி." யாருகிட்ட உடற? அவதான எழுதனா? பரவால்ல. சாப்பாட்டுல கோவம் காட்டல, அவகிட்ட ஒண்ணும் கேக்கல.

கல்லறையில நீ கூப்ட்டியா? அம்மா மேல சத்தியமா கேக்கல அண்ணே. நீ காப்பிக்கு கூட கூப்பிடலையேன்னு நான் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் அழுதுகினே போனேன்.

இப்ப ஒரு டவுட்டு. எனக்கு கேக்கற மாரி வெச்சா அவ ஓடிப்போறா. அவளுக்கு ஏத்த மாரி வெச்சா எனக்கு பாதி பாட்டு இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ரிசீவர் கீதா? உனக்குத்தான் தெரியும். தேடி சொல்லு.

சாவியோ


இயேசு மரி சூசை

ராயபுரம்
11 டிசம்பர் 2025

அன்புத் தம்பி சாவியோவுக்கு,

நலம். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிட்டேன். வழக்கம்போலக் கோணலாக நிற்கிறது.

நீ கேட்ட ரிசீவரைத் தேடினேன். ரிச்சி தெருவில் விசாரித்தேன். ஜன்னத்திடமும் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை. அறையில் இருக்கும் குமிழ் எல்லாருக்கும் பொது. அதை ஐரீனுக்காக நடுவில்தான் வைத்தாக வேண்டும். மீதி டிரெபிளை உன் காதிலேயே வைக்க வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த மெஷின் வேறொன்றும் இல்லை. உனக்கு மட்டுமான டிரெபிள் குமிழ். கிழவனாக்குகிற சாமான் என்றால் நான் அதற்கு முன்பே ஆகிவிட்டேன், மஞ்சள் விளக்கு ரிசீவர் வாங்கிய அன்றே.

நீ இதற்குச் "சரி, சரி" என்று எழுதினால் போதாது. அடுத்த புதன்கிழமைக்கு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சீட்டு வாங்கிவைத்திருக்கிறேன். என்னிடம் ஒரு வருடம் படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போனவன் ஒருவன் அங்கே டாக்டர். துறைத் தலைவர் நாற்காலியைப் பிடித்தவன் இல்லை, இவன் நல்லவன்.

கேட்டில் அந்த டிரெய்லர் பிரேக் போடாமல் இருந்திருந்தால் இரண்டு பெட்டியும் என்னிடம் வந்திருக்கும். ஜோடியாக. அதை நினைத்த இரவு நான் தூங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். கூட்டமாக இருக்கும். நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். எதிரில் வந்து நிற்பேன். முடிந்ததும் காப்பி.

உன் அண்ணன்,
இன்னாசி


இயேசு மரி சூசை

எண்ணூர்
9 ஜனவரி 2026

என் அண்ணாத்தைக்கு,

நீ நல்லா கீறியா? நான் சூப்பரா கீறேன். ஐரீன்தான் நல்லால்ல. இத்தினி வருசமா அவ வாய்க்குள்ள முணுமுணுத்ததுலாம் இப்ப எனக்கு கேக்குது, அத்தொட்டு அவளுக்கு பேஜாரா கீது.

மெஷினு மாட்ன மொத நாளு எங்க பாத்தாலும் சத்தம். தட்டு, பைப்பு, பஸ்ஸு, எல்லாம் கலீஜ். கயட்டி எறியலாமான்னு பாத்தேன். காலைல அஞ்சரைக்கு முழிப்பு வந்துச்சி. குருவி கீது அண்ணே. அம்புட்டும் இங்கயேதான் கீது. கேட்டாண்ட டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்தா நான் இப்ப மொத ஆளா நவுந்துட்றேன். டிரைவருங்க "இன்னா மாமு, காதுல இன்னா புளூடூத்தா?"ன்றானுங்க. ஆமாடா, பாட்டு கேக்கறேன்னேன்.

இப்ப முக்கியமான மேட்டரு. டிரெபிள நடுவுல வெச்சி, மெஷின மாட்டிகினு, மூணாவது சத்தம் போட்டேன். என் பொட்டில விசில் மாரி வருது. உன் பொட்டில ஒண்ணுமே வரல. இடது வலது மாத்தி மாத்தி போட்டேன். ஐரீனையும் கேக்க சொன்னேன், அவளும் இல்லன்ட்டா. உன்னோட ட்வீட்டர் செத்து எத்தினி வருசம் ஆச்சோ. அதான் உனக்கு வெண்ணெ மாரி கேட்டுகீது. நீ எனக்கு டெஸ்டு வெச்ச, உன்னோடத்துக்கு டெஸ்டே வோணான்ட்ட. ஜெர்மன்காரன் வேலைன்ன. நான் ஒண்ணும் சொல்லல. காகிதத்துல சிரிக்க முடியாதுன்னு பாக்கறேன்.

நான் கயட்னேன்ல பழசு, நீதான தூக்கி போடாதன்ன, அது நல்லாதான் கீது. அத்த உன் பொட்டில மாட்டிட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணா பாடுது. நடுவுல ஒரு நாற்காலி போட்டுகீறேன், மும்மூணுல என் பங்குக்கு வந்தது. வந்து குந்தி கேட்டாத்தான் உனக்கு தெரியும்.

ஆனா அதுக்கு முன்ன ஒரு வேலை கீது. செத்த ட்வீட்டர வெச்சிகினு இத்தினி வருசம் பாட்டு கேட்ட ஆளோட காத நான் நம்ப மாட்டேன். உன் டாக்டர் பையன்கிட்ட பேசிட்டேன், ஃபோன்லயே, எல்லாம் கேட்டுச்சி. வர புதன்கிழமைக்கு உன் பேர்ல சீட்டு போட்டாச்சி.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டாண்ட நிப்பேன். கூப்ட மாட்டேன். எதிர்ல வந்து நிப்பேன்.

உன் தம்பி
சாவியோ